லெஃப்ட் கார்னர் அக்கா

பொங்கல் நெருங்கிவிட்டால் எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாடு ஒழுங்காக நடக்காது. டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் வேலை. எங்கள் செக்‌ஷனில் ஆறு பேர், அதில் நான்கு பேர் ஆண்கள். நான்கு பேரும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஊருக்காகக் கபடி ஆடியவர்கள், அல்லது ஆடியவர்களைப் பார்த்தவர்கள், அல்லது பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள். டிபன் பாக்ஸைத் திறந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும். நம் ஜில்லாவிலேயே கெட்டியான ப்ளேயர் யார்? எவ்வளவு அடி வாங்கினாலும் கோட்டுக்கு வெளியே போகாதவன் யார்?

ஒருவர், புருவம் கிழிந்த இடத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு மறுபாதி முழுக்க ஆடினவனைச் சொல்வார். இன்னொருவரின் ஆள், விழுந்த முன்பற்கள் இரண்டையும் பொறுக்கி அம்பயர் கையில் கொடுத்துவிட்டுக் கபடி பாடப் போனவன். வருடத்துக்கு ஒரு பல் கூடும். நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். நானும் ஆடியவள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பெண்கள் ஆடியதெல்லாம் கணக்கில் வருமா என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். நானும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில்லை.

என்னிடமும் சொல்வதற்கு ஒரு ஆள் உண்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் டீமிலேயே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடது கோடியில், லெஃப்ட் கார்னரில் நிற்பாள், அதனால் லெஃப்டக்கா. அவளும் இப்போது இதே ஊரில்தான் இருக்கிறாள். மலையடிவாரத்துப் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரம். போன வாரம் வரைக்கும், ஒன்பது வருடமாக, நான் போய்ப் பார்க்கவில்லை. அவளுக்கு நான் ஒரு கெடுதல் செய்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது. நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏதாவது வேலை வந்துவிடும். வேலையை வரவழைத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

லெஃப்டக்காவைப் பார்த்தால் ப்ளேயர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குள்ளம். ஒல்லி. நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே நடப்பாள், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம் அவளுடையது. அதை ஒட்டிய கிராமம் என்னுடையது. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு பி.டி. சார், அவருக்குக் கபடியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அக்கா என்னைவிட மூன்று வகுப்பு மேலே. பள்ளி முடிந்த பிறகும் ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு டீமாக அவர் எங்களை வைத்திருந்தார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கின கொல்லி நிலத்தில்தான் பயிற்சி. செத்தையும் மல்லாட்டை ஓடும் காலைக் குத்தும். அதற்கு மேல் ரெண்டு டிராக்டர் மணலைக் கொட்டிப் பரப்பிவிட்டால் எங்களுக்கு அது ஸ்டேடியம்.

கபடியில் ஏழு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வளைவாக நிற்போம். இடது கோடியில் அக்கா, அவளுக்கு அடுத்து நான். அவளுடைய வலது கை என் இடது கையில். எதிர் டீமிலிருந்து ஒருத்தி பாடிக்கொண்டு வருவாள். அவள் உள்ளே வந்து காலை நீட்டித் தொடப் பார்க்கும்போது, கோடியில் இருப்பவள் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். நீட்டின கால் முகத்துக்கு நேராகத்தான் வரும். அக்கா கண்ணை மூட மாட்டாள். பிடித்தால் விடவும் மாட்டாள். ஆறு வருடம் அவள் பக்கத்தில் நின்றேன். பிடி நழுவி ஒருத்தி தப்பிப் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடிபட்டால் அவள் சொல்வது ஒன்றே ஒன்று. "ஒன்னும் இல்ல. போ, இடத்துல நில்லு." மூக்கில் ரத்தம் ஒழுகும்போதும் அதுதான். ஒருமுறை மோதிர விரல் மூட்டு விலகிப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அக்கா அதை இன்னொரு கையால் இழுத்து நேராக்கி, கொஞ்சம் மண்ணைத் தேய்த்து, கையை என்னிடம் நீட்டினாள், பிடித்துக்கொள்ள. நான் தயங்கினேன்.

"இன்னா, கை வேணாமா உனுக்கு?" என்றாள்.

வலியை வெளியே காட்டாதே என்பது பி.டி. சாரின் பாடம். அதற்கு அவர் வீரம், மானம் என்றெல்லாம் காரணம் சொன்னதில்லை. "எங்க வலிக்குதுன்னு காட்டுனா அடுத்த ரைடு அங்கதான் வரும்" என்பார். உண்மைதான். நாங்களும் எதிர் டீமில் யார் நொண்டுகிறார்கள் என்று பார்த்து அந்தப் பக்கம்தான் போவோம். எல்லோரும் இந்தப் பாடத்தை ஆட்டத்துக்கு வைத்துக்கொண்டோம். அக்கா மட்டும் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதில் அவள் ஒரு படி மேலே போனாள் என்றுகூடச் சொல்லலாம். வேலூர் பக்கத்து டீம் ஒன்றுடன் ஆடினோம். அவர்களிடம் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள், பாட வந்தால் எங்களைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா நொண்ட ஆரம்பித்தாள். இடது கால். போச்சு என்று நினைத்தேன். நெட்டைப் பெண்ணும் பார்த்துவிட்டாள். அடுத்த தடவை நேராக அக்காவின் இடது பக்கம் காலை விட்டாள். அக்கா அந்த இடது காலையே ஊன்றிப் பாய்ந்து அவளைக் கட்டிப் போட்டுவிட்டாள். ஆட்டம் முடிந்து ட்ராக் பேண்டைச் சுருட்டினபோதுதான் பார்த்தேன். வலது முழங்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. அடிபட்டது வலதில், நொண்டினது இடதில்.

"எப்பக்கா பட்டுது இது?"

"மொத ரைடுலயே. வுடு."

"அப்ப இத்தன நேரம் நொண்டுனது?"

"அது அவளுக்கு" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. வேனில் வரும்போது எல்லோரும் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கும்மாளம் போட்டோம். எனக்கு மட்டும் நடுவில் என்னவோ போல இருந்தது. இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாதே என்று தோன்றியது.

யாராலும் என்று சொல்வது சரியில்லை. என்னால் முடியும். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் அல்லவா. வலி தாங்க முடியாத கட்டத்துக்குப் போகும்போது, அக்கா என் மற்ற விரல்களை விட்டுவிட்டுச் சுண்டு விரலை மட்டும் தனியாகப் பிடித்து நெரிப்பாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. கண் எதிராளியின் கால் மேல்தான் இருக்கும். அது அவள் தெரிந்து செய்கிறதா, தெரியாமல் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. ஆறு வருடத்தில் ஏழெட்டு முறை இருக்கும்.

அதில் ஒருமுறை என் சுண்டு விரல் ஒடிந்துவிடும் போல இருந்தது. டைம் அவுட்டில் நான் பி.டி. சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "சார், அக்காவால முடியல. வேற ஆள எறக்குங்க." சார் அவளை உட்கார வைத்துவிட்டார். விலாவில் விரிசல் என்று பிறகு தெரிந்தது. அந்த மேட்ச் நாங்கள் தோற்றோம். அக்கா பத்து நாள் என்னிடம் பேசவில்லை. பதினோராவது நாள் பயிற்சிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வலி என்னுது. அத எடுத்துக்கினு போய் இன்னொருத்தர்கிட்ட சொல்றதுக்கு நீ யாரு?"

எனக்கு அப்போது பதினேழு வயது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அதற்கப்புறம் என் விரலை எவ்வளவு நெரித்தாலும் நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அது ஒரு பெருமையாகவும் ஆகிவிட்டது எனக்கு. அக்காவின் வலி தெரிந்த ஒரே ஆள் நான், அதைக் காப்பாற்றுகிறவளும் நான்.

கழுத்தெலும்பு உடைந்தபோதும் கூட இருந்தேன். இடது தோளுக்குப் பக்கத்தில் உடைந்து, நாட்டு வைத்தியரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்பது நாள் பிரிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இருபத்தாறாம் நாள் பொங்கல் மேட்ச். காலையில் நான் அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா அரிவாள்மணையின் முன்னால் குந்தியிருந்தாள்.

"வந்துட்டியா? இந்தப் பக்கம் இழுத்துப் புடி, அறுக்கணும்."

"வைத்தியர் திட்டுவாருக்கா."

"அவரா வந்து ஆடப் போறாரு?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். மகளைத் திட்டிப் பயனில்லை என்று என்னைத் திட்டினார். "நீயாவது சொல்லக்கூடாதாடி? பக்கத்துலயே நிக்கிற?" நான் இழுத்துப் பிடித்தேன், அவள் அறுத்தாள். அன்றைக்குக் கப் எங்களுக்கு. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதிலிருந்து அவளுடைய இடது கை தோளுக்கு மேல் போகாது. தலை பின்னிக்கொள்ள முடியாது. பயிற்சிக்கு முன்னால் நான் பின்னிவிடுவேன். இழுத்துப் பின்னினாலும் தளர்த்திப் பின்னினாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். தலையைக் கொடுத்துவிட்டுத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பத்து நிமிஷம்தான் அவள் யாரிடமாவது தன்னை ஒப்புக்கொடுத்து உட்கார்ந்திருந்த நேரம் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் கல்யாணம் தாமதமாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். அவள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அக்கா கப்பையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாள். அதற்குள் பரீட்சை எழுதி எனக்கு இந்த வேலை கிடைத்திருந்தது. அவ்வப்போது போன் பேசுவோம். அதாவது நான் பேசுவேன், அவள் "ம்" சொல்வாள். அவள் அம்மா இறந்தபோது நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடம் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, அவளாகப் போன் செய்தாள். அவளாகச் செய்த முதல் போன் அது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருப்பதாகச் சொன்னாள். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வீட்டுக்காரர் சரக்கேற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தார்.

"கூட ஒருத்தர்தான் இருக்கலாமாம். நீ வரியா?"

"உங்க அண்ணி இல்லியாக்கா?"

"அவங்க வரேன்றாங்க. நான்தான் வேணாம்னேன். நீ வா."

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். வார்டில் ஏழெட்டுப் பெண்கள். அம்மாவைக் கூப்பிடுகிறவர்கள், புருஷனைத் திட்டுகிறவர்கள், சாமியைத் திட்டுகிறவர்கள். அக்கா ஜன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தார்.

"இன்னாம்மா, வலி எப்டி இருக்கு?"

"பரவால்ல சிஸ்டர்."

"வுட்டு வுட்டு வருதா?"

"இருக்குது சிஸ்டர். தாங்கறேன்."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்க தங்கச்சியா? மொகத்தப் பாத்தா வலி வந்த மாதிரியே தெரியலயே."

"அக்கா கபடி ப்ளேயர் சிஸ்டர்" என்றேன். "கழுத்தெலும்பு ஒடஞ்சப்பவே வாயத் தொறக்காதவங்க."

நர்ஸ் சிரித்தார். "அப்ப எங்களுக்கு வேல கம்மி." பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி அலறினாள். அவர் அங்கே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கேட்க வேண்டியதைக் கேட்டார். பதில் சொன்னது நாங்கள் இருவரும்.

அப்படி நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, போர்வைக்கு அடியில் என் சுண்டு விரல் அக்காவின் கைக்குள் இருந்தது.

நெரித்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எப்போது விடுவாள் என்று. பிரசவ வலி விட்டுவிட்டு வரும் என்பது எனக்கும் தெரியும். அவள் விடவில்லை. ஒரு நொடிகூட விடவில்லை. ஜன்னலில் வெயில் கட்டில் காலிலிருந்து சுவர் வரைக்கும் நகர்ந்தது. நர்ஸ் இரண்டு முறை எங்களைக் கடந்து போனார். இரண்டு முறையும் என் வாய் வரைக்கும் வந்தது. 'நீ யாரு' என்று அவள் ஒருநாள் கேட்டது நினைவுக்கு வந்தது. மறுபடியும் பேசாமல் போய்விடுவாளோ என்று பயந்தேன். பயந்தேன் என்பது பாதிதான். அக்கா எப்படிப்பட்டவள் என்று அந்த வார்டே பார்க்கட்டும் என்றும் எனக்குள் ஒரு ஆசை இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இருந்தது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து அவள் வயிற்றில் கை வைத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாரும் ஓடினார்கள். பெண் குழந்தை. உயிரில்லை. டாக்டர் வெளியே வந்து என்னிடம் கோபமாக இல்லை, களைப்பாகத்தான் சொன்னார். "விடாம வலிச்சிருக்குமேம்மா. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்திருப்போம். ஏன் சொல்லல?"

அக்கா அப்போதும் அழவில்லை. வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து வந்து சுவரில் தலையை மோதிக்கொண்டார். அவரை ஆற்றியது அக்காதான். "ஒன்னும் இல்ல, போங்க, போய் எதுனா சாப்புடுங்க." நான் மூன்றாம் நாள் போனேன், ஏழாம் நாள் போனேன், அப்புறம் போகவில்லை. போன் செய்ய எடுப்பேன், வைத்துவிடுவேன். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. கிராமத்தை விட்டு டவுனுக்கு வந்து, அக்கா லாட்ஜில் துணி பார்க்கும் வேலையில் சேர்ந்தாள் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இந்த ஒன்பது வருடத்தில் தூரத்திலிருந்து அவளைப் பார்த்திருக்கிறேன். பௌர்ணமி அன்று லாட்ஜில் வேலை தலைக்கு மேல் இருக்கும். ஊரே மலையைச் சுற்றும்போது அவளால் போக முடியாது. கூட்டமில்லாத ஏதாவது ஒரு செவ்வாய், புதன் பார்த்துத் தனியாகச் சுற்றுவாள். பஸ் ஜன்னலிலிருந்து நான்கைந்து முறை கண்டிருக்கிறேன். அதே குனிந்த தலை. எந்த லிங்கத்தின் முன்னாலும் நிற்க மாட்டாள். யாரோடும் பேச மாட்டாள். அவ்வளவு நீள ரோட்டில் அவள் ஒருத்தி மட்டும் போய்க்கொண்டிருப்பாள். ஒருமுறை சிக்னலில் பஸ் நின்றபோது என் ஜன்னலுக்குக் கீழேயே வந்துவிட்டாள். நான் சீட்டுக்கடியில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டேன்.

இனி போன வாரம் நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் வழக்கம் போல ஆரம்பித்துவிட்டார்கள். பல் இப்போது மூன்றாகியிருந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த தம்பி ஒருவர், மரியாதைக்காகத்தான், என்னைக் கேட்டார்.

"லேடீஸ்ல அந்த மாதிரி யாரும் இல்லீங்களா மேடம்? நீங்க ஆடியிருக்கீங்களாமே."

சும்மா இருந்திருக்கலாம். "பல்லு என்னங்க பல்லு" என்று ஆரம்பித்துவிட்டேன். நொண்டின கதையைச் சொன்னேன், கட்டை அறுத்த கதையைச் சொன்னேன். நான்கு பேரும் கையைச் சோற்றில் வைத்தபடி கேட்டார்கள். அந்த ருசியில், நிறுத்தத் தெரியாமல், அதையும் சொல்லிவிட்டேன். "லேபர் வார்டுல ஒரு சத்தம் போடாம படுத்திருந்தாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன். நர்ஸே நம்பல."

"யப்பா" என்றார் ஒருவர். "இவங்கதான் மேடம் கெட்டி. நம்ம ஆளுங்கல்லாம் சும்மா."

தம்பி ஆசையாகக் கேட்டார். "அந்தக் கொழந்த இப்ப இன்னா படிக்குதுங்க? அதுவும் கபடி ஆடுதா?"

நான் டிபன் பாக்ஸை மூடினேன். கை கழுவினேன். பர்மிஷன் எழுதி வைத்துவிட்டு வெளியே வந்து டவுன் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு நர்ஸிடம் அடித்த அதே பெருமையை ஒன்பது வருடம் கழித்து நான்கு ஆண்களிடம் அடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை மாறவில்லை. வழி முழுக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

லாட்ஜில் கேட்டதற்கு மொட்டை மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். பௌர்ணமி முடிந்த மறுநாள். மாடி முழுக்கக் கொடிகளில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு விரிப்பின் நடுவை மோவாய்க்கட்டையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மேலே போகாத கையோடும் போகிற கையோடும் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. காதுக்குக் கீழே கத்தரித்துவிட்டிருந்தாள்.

"இன்னாடி, ஆபீஸ் இல்லியா?" என்றாள், போன வாரம்தான் பார்த்தது மாதிரி.

"பர்மிஷன் போட்டேன்."

"சாப்ட்டியா?"

"அக்கா, நான் ஒன்னு சொல்லணும்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். நின்றுகொண்டே சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துச் சொன்னேன். அன்னைக்கி உனக்கு விடாம வலிச்சது எனக்குத் தெரியும்க்கா. நர்ஸ் ரெண்டு தடவ பக்கத்துல வந்தாங்க. சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா நீ கோச்சுக்குவேன்னு நெனச்சேன். அது மட்டும் இல்ல, நீ எவ்ளோ கெட்டின்னு அவங்கல்லாம் பாக்கட்டும்னும் இருந்துச்சு. பெருமையடிச்சேன்க்கா. இன்னைக்கும் ஆபீஸ்ல அதையே சொல்லிட்டு வரேன்.

அக்கா மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தாள். இன்னொன்றைக் கொடியிலிருந்து இழுத்தாள்.

"உனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

கீழே தெருவில் ஆட்டோக்காரர்கள் சவாரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வலின்னா எனக்கு வாய் தொறக்காது. சின்ன வயசுலேர்ந்து அப்டியே பழகிப்போச்சு. அன்னைக்கிக் காலையில வயித்துல இன்னாவோ சரியில்லன்னு தெரிஞ்சிடுச்சு. நானா சொல்ல மாட்டேன்னும் தெரிஞ்சிது. அண்ணி வந்தா அவங்களுக்குப் புரியாது." விரிப்பை ஒரு உதறு உதறினாள். "நீ சொல்லுவேன்னுதான் உன்னக் கூப்ட்டேன்."

தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், சத்தம் கீழே கேட்டுவிடக் கூடாதே என்று.

அக்கா வந்து என் வாயிலிருந்து முந்தானையை இழுத்துவிட்டாள்.

"அடக்காத" என்றாள். "சத்தமாவே அழு. இங்க யாரும் வர மாட்டாங்க. எனுக்கும் சேத்து அழுதுட்டுப் போ."

நான் அழுதேன். ஓங்கி, குரல் விட்டு, அந்த வார்டில் மற்ற பெண்கள் அழுத மாதிரி அழுதேன். முடிக்கும்வரை அவள் எனக்கு முதுகைக் காட்டி, விரிப்புகளுக்கு நடுவில், இரண்டு கையும் சும்மா தொங்க நின்றுகொண்டிருந்தாள்.